அம்மாவுக்கு வைரஸ் சிகிச்சை: ஜார்ஜியாவுக்கு டிக்கெட் போடும் முன்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய். போன வருடம் குளிர் ஜுரத்தோடு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீர்த் தொற்று கிட்னி வரை ஏறிவிட்டது என்றார்கள். அதிலிருந்து பயந்துபோய் மாதாமாதம் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்று வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஊசி போடுகிறார்கள். கடைசி ரிப்போர்ட்டில் எல்லா மருந்துக்கும் நேராக ‘ஆர்’ (கிருமி அடங்காது), கொலிஸ்டினுக்கு மட்டும் ‘எஸ்’ (அடங்கும்). இப்போது அம்மாவுக்குக் காய்ச்சலோ எரிச்சலோ இல்லை. ஆனாலும் நாங்கள் நிம்மதியாகத் தூங்கி நாளாகிறது. ஜார்ஜியா நாட்டில் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸை வைத்து இதைக் குணப்படுத்துகிறார்கள் என்று தம்பி ஒரு வீடியோ பார்த்தான். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்தாவது கூட்டிப்போகலாம் என்கிறான். வைரஸையே உடம்பில் ஏற்றினால் வேறு நோய் வந்துவிடாதா? காசிக்குப் போய் வந்த அத்தை, “அந்த வைரஸ் கங்கைத் தண்ணியிலயே இருக்காம், தினம் ஒரு மடக்கு குடு” என்று சொம்பைக் கொடுத்திருக்கிறார். என்ன செய்யட்டும் டாக்டர்?

— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். கங்கைத் தீர்த்தம் பூஜை அறையில் இருக்கட்டும், அம்மா குடிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது: அம்மாவுக்கு இப்போது காய்ச்சலோ எரிச்சலோ இல்லை. அதற்குக் கட்டாயம் வருகிறேன். தம்பியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் அம்மாவுக்காகத் தேடியிருக்கிறார், தேடியது வீண் இல்லை.

அவர் பார்த்தது கட்டுக்கதை அல்ல. பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்களை பாக்டீரியோஃபேஜ் என்கிறோம், சுருக்கமாக ஃபேஜ். 1915-இல் லண்டனில் ஃபிரெடரிக் ட்வார்ட்டும், 1917-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெலும் இதைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். டெரெல் 1919-இலேயே பாரிஸில் சீதபேதி வந்த குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். பெனிசிலின் மருந்தாக வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. அவரோடு நட்புக்கொண்ட ஜார்ஜ் எலியாவா 1923-இல் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் தொடங்கிய நிறுவனம்தான் இன்று தம்பி வீடியோவில் பார்த்த இடம். எலியாவாவை 1937-இல் ஸ்டாலின் அரசு கொன்றது. நிறுவனம் பிழைத்தது. பெனிசிலின் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜை ஓரங்கட்டிவிட்டன. ஜார்ஜியாவும் போலந்தும் விடவில்லை. ஆன்டிபயாடிக் ஒவ்வொன்றாகத் தோற்கத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஃபேஜ் வேலை செய்யும் விதம் இது. அதன் வால் நுனி, பாக்டீரியாவின் மேல்பரப்பில் உள்ள ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். தன் மரபணுவை உள்ளே செலுத்தும். கொஞ்ச நேரத்தில், பல ஃபேஜ்களுக்கு அரை மணி போதும், பாக்டீரியாவுக்குள்ளேயே பல மடங்காகப் பெருகி அதை வெடிக்கவைத்து வெளியே வரும். வந்தவை அடுத்த பாக்டீரியாவைத் தேடும். கிருமி குறையக் குறைய ஃபேஜும் பெருக வழியில்லாமல் குறைந்துவிடும். அது பற்றிக்கொள்ளும் மூலக்கூறு மனித செல்லில் இல்லை, அதனால் நம் செல்லுக்குள் அது பெருகாது. உங்கள் குடலிலும் என் குடலிலும் இந்த நிமிடமே கோடிக்கணக்கில் ஃபேஜ்கள் இருக்கின்றன.

ஆகவே ஃபேஜால் வேறு வைரஸ் நோய் வந்துவிடுமோ என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது தயாரிப்பைப் பார்த்துத்தான். ஃபேஜை வளர்க்க பாக்டீரியாவைத்தான் பயன்படுத்த வேண்டும். வெடித்துச் செத்த பாக்டீரியாவின் நச்சு மருந்தில் தங்கிவிட்டால், அதை ரத்தத்தில் ஏற்றும்போது கடும் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வரலாம். இன்னொன்றும் உண்டு. சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் மரபணுவோடு கலந்து தங்கிவிடும். காலராக் கிருமிக்கும் தொண்டை அடைப்பான் கிருமிக்கும் நச்சைக் கொடுத்தது இப்படித் தங்கிய ஃபேஜ்கள்தான். அதனால் மருந்தாகத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு ஃபேஜின் மரபணுவையும் முழுக்கப் படித்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்யும் லேப் எது, செய்யாதது எது என்று வீடியோவில் தெரியாது.

பலன் கிடைத்திருக்கிறதா என்றால், கிடைத்திருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் டாம் பேட்டர்சன் 2015-இல் எகிப்தில் சுற்றுப்பயணத்தின்போது நோயில் விழுந்தார். வயிற்றுக்குள் இருந்த அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, கோமாவுக்குப் போய்விட்டார். அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி தொற்றுநோய்ப் பரவலை ஆராய்பவர். ஃபேஜ் ஆய்வாளர்களுக்கு அவரே எழுதிக் கேட்டார். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் அந்தக் கிருமிக்குப் பொருந்தும் ஃபேஜ்களைத் தேடித் தந்தன. 2016 மார்ச்சில் சான் டியேகோவில் ஏற்றினார்கள், சில நாளில் கண்விழித்தார். இடையில் கிருமி அந்த ஃபேஜ்களுக்கும் பழகிவிட்டது, புதிய ஃபேஜைத் தேட வேண்டி வந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் நம்பிக்கை தருவது வேறொன்று. கனெக்டிகட் மாநிலத்தில் டாட்ஜ் பாண்ட் என்று ஒரு குளம். யேல் பல்கலைக்கழகத்தில் பால் டர்னர் குழுவினர் அதன் நீரிலிருந்து ஓஎம்கேஓ1 என்ற ஃபேஜைப் பிரித்தெடுத்தார்கள். சூடோமோனாஸ் கிருமி தனக்குள் வந்த ஆன்டிபயாடிக்கை வெளியே இறைத்துத் தள்ள ஒரு புரதக் குழாயை வைத்திருக்கிறது. இந்த ஃபேஜ் பற்றிக்கொள்வது அந்தக் குழாயைத்தான். ஃபேஜிடமிருந்து தப்ப வேண்டுமானால் கிருமி அந்தக் குழாயை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றினால் மருந்தை வெளியே தள்ள முடியாது, செயலிழந்த பழைய ஆன்டிபயாடிக்கே மறுபடி வேலை செய்யும். நெஞ்சுக்குள் பொருத்திய செயற்கை ரத்தக்குழாயில் சூடோமோனாஸ் குடியேறி வருடக்கணக்கில் அவதிப்பட்ட ஒருவருக்கு, 2016-இல் இந்த ஃபேஜையும் செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தொற்று திரும்ப வரவில்லை.

ஃபேஜை ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்தாக நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பிரஸ்ஸல்ஸில் உள்ள ராணி ஆஸ்ட்ரிட் ராணுவ மருத்துவமனை வழியாகப் பல நாடுகளில் ஃபேஜ் பெற்ற 100 பேரின் விவரம் 2024-இல் வெளியானது. 77 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது, 61 சதவீதத்தினரிடம் அந்தக் கிருமியே அகன்றது. கூடவே ஆன்டிபயாடிக் கொடுக்காதவர்களிடம் கிருமி அகலும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. இதை ஒப்பிட்டுப் பார்க்க ஃபேஜ் பெறாத ஒரு குழு அங்கே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்த்த சோதனை, அதுவும் சிறுநீர்த் தொற்றிலேயே, திபிலிசியிலேயே நடந்தது ஒன்று உண்டு. தம்பி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அது. புராஸ்டேட் அறுவைக்குக் காத்திருந்த, சிறுநீர்த் தொற்று உள்ள ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அங்கே தயாரான ஃபேஜ் கலவையைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார்கள், ஒரு குழுவுக்கு ஃபேஜ் இல்லாத வெறும் திரவம், ஒரு குழுவுக்கு ஆன்டிபயாடிக். ஏழு நாள் சிகிச்சைக்குப் பின் கல்ச்சர் சரியானவர்கள் ஃபேஜ் பெற்ற 28 பேரில் 5 பேர், வெறும் திரவம் பெற்ற 32 பேரில் 9 பேர், ஆன்டிபயாடிக் பெற்ற 37 பேரில் 13 பேர். ஃபேஜால் கெடுதல் எதுவும் பெரிதாக இல்லை. வெறும் திரவத்தைவிட நல்லது என்றும் காட்ட முடியவில்லை. சிறிய சோதனைதான், இதோடு கதவை மூடிவிட முடியாது. ஆனால் வீட்டை அடகு வைப்பதற்கு முன் இந்த எண்கள் கண்முன்னே இருக்க வேண்டும்.

பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளில் தீக்காயப் புண்களில் நடந்த சோதனையிலும் ஃபேஜ் பின்தங்கியது. காரணம் தேடியபோது, புட்டியில் இருந்த ஃபேஜ்கள் நாளடைவில் வலுவிழந்துபோனது தெரிந்தது. ஒரு மில்லிக்கு பத்து லட்சம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் பத்து, நூறு என்ற அளவில்தான் போயிருந்தது. அத்தனை ஏற்பாட்டோடு நடந்த சோதனையிலேயே இப்படி என்றால், இணையத்தில் ஆர்டர் போட்டுக் கூரியரில் வரும் புட்டிக்குள் உயிரோடு என்ன இருக்கும் என்று நான் எப்படிச் சொல்ல?

இப்போது அம்மாவின் கிருமி. கிளெப்சியெல்லாவைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான கெட்டியான உறை இருக்கும். அந்த உறையில் பழைய கணக்குப்படியே 77 வகை. கிளெப்சியெல்லா ஃபேஜ்களில் பெரும்பாலானவை அந்த உறையைக் கரைத்துக்கொண்டுதான் உள்ளே போகின்றன. ஒரு ஃபேஜ் ஒரு வகை உறையை, மிஞ்சினால் சிலவற்றை மட்டும் கரைக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிக்குத் தயார்நிலைக் கலவை பொருந்த ஓரளவு வாய்ப்பு உண்டு. கிளெப்சியெல்லாவுக்கு அந்த நம்பிக்கை மிகக் குறைவு. கடையில் வாங்கும் ரெடிமேட் அல்ல, அளவெடுத்துத் தைக்க வேண்டிய ரவிக்கை இது. அளவு எடுக்க அம்மாவின் கிருமியே கையில் வேண்டும். அதை லேபில் தட்டில் வளர்த்து, ஒவ்வொரு ஃபேஜாகச் சொட்டு விட்டு, எது கிருமியை அழித்துத் தெளிந்த வட்டம் உண்டாக்குகிறது என்று பார்க்க வேண்டும். வட்டம் விழவில்லையென்றால் சிகிச்சையே இல்லை. அந்தச் சோதனை முடிவு வருவதற்கு முன்பே ‘வந்து சேருங்கள், மூன்று வாரத்தில் குணம்’ என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

கங்கை விஷயம். அத்தை சொன்னதில் ஒரு வரலாற்று உண்மை இருக்கிறது. எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் 1896-இல் கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சீக்கிரம் செத்துப்போவதையும், நீரைக் கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதையும் எழுதினார். அது ஃபேஜாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். ஆனால் பாக்டீரியா இருக்கும் எந்த நீரிலும் ஃபேஜ் இருக்கும், காவிரியிலும் உண்டு, சாக்கடையில் இன்னும் அதிகம். ஆய்வாளர்கள் ஃபேஜ் தேடிப் போவதே பெரும்பாலும் சாக்கடைக்குத்தான். சொம்பில் இருக்கும் ஃபேஜ் அம்மாவின் கிளெப்சியெல்லாவுக்குப் பொருந்துவது குருட்டு அதிர்ஷ்டம். பொருந்தினாலும் வயிற்று அமிலத்தைத் தாண்டி, ரத்தம் வழியாகச் சிறுநீர்ப்பைக்குத் தேவையான அளவில் அது போய்ச் சேராது. கூடவே அந்த நீரில் மலக்கிருமிகளும் இருக்கும். சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்குப் புதிதாக ஒரு மருந்துக்கு அடங்காத கிருமியைக் கொடுத்துவிடக் கூடாது. அத்தையின் மனம் நோகாமல், தெளித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று சொல்லுங்கள்.

இந்தியாவில் மனிதர்களுக்கான ஃபேஜ் மருந்து எதற்கும் விற்பனை அனுமதி இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது. காசி இந்து பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆறாத புண்களில் ஃபேஜைத் தடவிப் பார்த்து வெளியிட்டிருக்கிறார்கள். வேலூர் விஐடி ஆய்வாளர்கள் மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கொல்லும் ஃபேஜ்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் வேலை செய்யும் ஃபேஜுக்கும் உடம்பில் ஏற்றத் தகுந்த சுத்தமான ஃபேஜுக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்கும் உற்பத்திக்கூடம் நம் நாட்டில் வர வேண்டும் என்பது என் ஆசை, கோரிக்கையும்கூட. கிருமிக்கு ஆன்டிபயாடிக்கை முறியடிக்கும் சக்தி தரும் என்டிஎம் என்ற நொதியைப் பற்றி 2010-இல் லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ் இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் 44 மாதிரிகள் சென்னையில் கிடைத்தவை. இந்தப் பிரச்சினையை முதலில் எதிர்கொண்டவர்கள் நாம். அதற்கான மருந்து நம்மிடம் கடைசியாகத்தான் வர வேண்டுமா?

இனி அம்மாவுக்கு வருகிறேன். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, விலாவில் வலி இல்லை, கல்ச்சரில் மட்டும் கிருமி என்றால் அது நோய் அல்ல. வயதான பெண்களுக்கும், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கும், சிறுநீரில் பாக்டீரியா தொந்தரவு தராமல் தங்கியிருப்பது மிகச் சாதாரணம். அப்படிப்பட்ட சர்க்கரை நோயாளிப் பெண்கள் 105 பேரை வைத்துக் கனடாவில் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரு பாதிக்கு ஆன்டிபயாடிக், மறு பாதிக்கு வெறும் மாத்திரை. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பின்னால் வரும் தொற்று குறையவில்லை, ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் குறையவில்லை, மருந்துகளை விழுங்கியதுதான் மிச்சம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப்போகிறவர்களுக்கும்தான் தொந்தரவு இல்லாத கிருமிக்கு மருந்து தேவை.

நீங்கள் பயத்தில், பாசத்தில் மாதாமாதம் கல்ச்சர் எடுத்தீர்கள். கல்ச்சரில் ஏதோ வந்ததால் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு ஊசியும் எளிதில் சாகக்கூடிய கிருமிகளைக் கொன்று, சாகாததற்கு இடம் காலி செய்து கொடுத்தது. இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை, நாங்கள் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதாந்திரக் கல்ச்சரை உங்கள் டாக்டரிடம் பேசி நிறுத்துங்கள். ஊசியை நிறுத்தினால் எளிதில் அடங்கும் கிருமிகள் மறுபடி இடம் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

கிட்னி வரை இரண்டு தடவை ஏறியது மட்டும் அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. ஏன் ஏறியது என்று யாராவது பார்த்தார்களா? சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் சர்க்கரையால் பை முழுதாகச் சுருங்காமல் போகும். கல் இருக்கிறதா, கருப்பை இறக்கம் இருக்கிறதா? அம்மாக்கள் இதை மகளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள், நீங்களாகக் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் என்று ஒன்று உண்டு. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களிடம் செய்து 1993-இல் வெளியான ஆய்வில், கிரீம் பூசியவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 0.5 தடவையும், மருந்தில்லாத வெறும் கிரீம் பூசியவர்களுக்கு 5.9 தடவையும் தொற்று வந்தது. விலை அதிகமில்லாத இந்தக் கிரீமைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதே இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. மகளிர் மருத்துவரிடம் அம்மாவை ஒருமுறை கூட்டிப்போங்கள்.

ரிப்போர்ட்டில் கொலிஸ்டின் மட்டும் ‘எஸ்’ என்று இருப்பதை நம்பியும் இருக்க வேண்டாம், அதைக் கண்டு இடிந்துபோகவும் வேண்டாம். கொலிஸ்டினைச் சாதாரண வில்லைச் சோதனையில் சரியாகக் கணிக்க முடியாது, திரவத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘பிராத் மைக்ரோடைல்யூஷன்’ முறையில்தான் பார்க்க வேண்டும். அது கிட்னியையும் கெடுக்கக்கூடியது. செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் ஆஸ்ட்ரியோனாமும் சேர்ந்த கூட்டு, என்டிஎம் உள்ள பல கிருமிகளையும் அடக்குகிறது. அந்தக் கூட்டை உங்கள் லேபில் சோதித்தார்களா என்று கேளுங்கள். வழக்கமான பட்டியலில் அது இருக்காது.

ஸ்கேனில் காரணமும் பிடிபடாமல், அதே கிருமி மறுபடி மறுபடி கிட்னிக்கு ஏறி, இந்தக் கூட்டும் பலிக்காமல் போனால், அப்போது ஃபேஜைப் பற்றிப் பேசலாம், நானே உதவுகிறேன். அந்த நிலையிலும் முதலில் பயணம் போக வேண்டியது அம்மா இல்லை, அம்மாவின் கிருமி. லேப் வழியாக, அரசு அனுமதியோடு முறைப்படி அனுப்பிப் பொருந்தும் ஃபேஜ் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. அனுமதி பெறாத புதிய மருந்தை, வேறு வழியில்லாத நோயாளிக்காக அரசு மருத்துவமனைகள் விண்ணப்பித்து இறக்குமதி செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம்.

அதுவரை, அம்மாவுக்கு எப்போது குளிர் ஜுரம் வந்தாலும், வாந்தியோ விலா வலியோ குழப்பமான பேச்சோ இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப்போங்கள். முதல் ஊசி போடும் முன் ரத்தக் கல்ச்சரும் சிறுநீர்க் கல்ச்சரும் எடுக்கச் சொல்லுங்கள், அதற்காக ஊசியைத் தாமதிக்கவும் விடாதீர்கள். வளர்ந்த கிருமியைக் குப்பையில் போடாமல் உறைநிலையில் பத்திரப்படுத்தி வைக்கும்படி லேபுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.